எழுத்து வரைந்த படம்

எழுத்துகளைக் கட்டத்திலும் படத்திலும் அடைத்துப் பாடும் சித்திரகவியில் சருப்பதோபத்திரம் என்றொரு வகை உண்டு. அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி. அவற்றை வரிசையாக எழுதி, கீழே நான்காம் அடியிலிருந்து முதலடி வரை திருப்பி எழுதினால் 64 கட்டங்கள் நிரம்பும். இடம், வலம், மேல், கீழ் எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதே செய்யுள். கணக்குப் பார்த்தால், புலவர் தம் விருப்பப்படி எழுத்தை வைக்கக்கூடிய இடம் பத்துத்தான். மீதி 54 கட்டங்களும் அந்தப் பத்தின் பிரதிகள். இவ்வளவு இறுக்கத்துக்குள் பொருளும் தரவேண்டும் என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கோமூத்திரி, மாலைமாற்று, சுழிகுளம், நாகபந்தம் என இத்தகைய 12 வகைகளைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. யாழ்ப்பாணத்தார் இத்தகைய அணியிலக்கண நூல்களைப் போற்றிப் படித்தவர்கள். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் (1854–1922) தண்டியலங்காரத்துக்குப் புத்துரை எழுதினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியம் என்னும் இலக்கண நூலை, அதன் அலங்காரப் படலத்தோடு, அச்சேற்றினார். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளை அந்தாதி, உடுப்பிட்டிச் சிவசம்புப் புலவரின் யமக அந்தாதிகள் ஆகியவை படமாக விரிவன அல்ல. ஆனால் ஒரே எழுத்துத்தொடர் அடிதோறும் வேறு பொருளோடு மடங்கி வரும் யமகம் என்னும் அந்த வித்தையும் இதே சொல்லணியியலைச் சேர்ந்ததே.

சித்திரகவியின் உண்மையான பலம் படத்தில் இல்லை, எழுத்துகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும்; உடலுக்கொரு வெண்பா. உடல்கள் ஒன்றையொன்று கடக்கும் கட்டத்தில் உள்ள எழுத்து இரு வெண்பாக்களுக்கும் பொது. அங்கே ஓர் எழுத்தை மாற்றினால் இரண்டு பாட்டும் குலையும். இதிலிருந்து இன்னொரு நன்மையும் பிறக்கிறது. ஓலை ஏட்டில் புள்ளி இடும் வழக்கம் இருக்கவில்லை; காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும்; போதாததற்குச் செல்லும் அரிக்கும். வேறு செய்யுளில் ஓரெழுத்துப் போனால் பதிப்பாசிரியர் ஊகிக்க வேண்டியதுதான். இப்படிப் படமாகக் கட்டிய பந்தத்தில், அந்த எழுத்து சந்திப்பில் நிற்பதானால், அது இன்னோரிடத்திலும் காத்திருக்கும். தன் சிதைவைத் தானே திருத்திக்கொள்ளும் செய்யுள் வடிவம் இது. நம் ஆய்வாளர்கள் இதைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை.

பொருளின் பக்கம் வந்தால் நிலைமை அவ்வளவு நன்றாயில்லை. பந்தங்கள் பெரும்பாலும் கடவுள்மேல் பாடப்பட்டவை. பக்தி ஒரு காரணம். வசதி இன்னொரு காரணம். முருகனுக்கும் சிவனுக்கும் பெயர்கள் ஏராளம். எந்த எழுத்து வேண்டினாலும் அதற்கொரு விளி கிடைத்துவிடும். விளிகளை அடுக்கிக் கட்டம் நிரப்பிய பந்தத்தில் சொல்ல வந்த செய்தி என்று ஒன்றும் மிஞ்சாது. அருஞ்சொற்களை வலிந்து பிரித்துப் பதவுரை சொன்னால்தான் புரியும் பாட்டு, கேட்டவுடன் நெஞ்சைத் தொடும் தேவாரத்தின் பக்கத்தில் நிற்காது. திருஞானசம்பந்தரே, பின்னிருந்து வாசித்தாலும் அதே பாட்டாகும் மாலைமாற்றும் பாடினார். ஆனால் கோயிலில் நம் வாயில் தானாக வருவது அவருடைய எளிய பதிகங்கள்தான்.

இன்று கணினியில் குறள்களை நெருக்கி நிரப்பி வள்ளுவர் உருவம் காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதில் ஒரு குறளை எடுத்துவிட்டு வேறெந்த வாசகத்தை வைத்தாலும் தாடி தாடியாகவே இருக்கும். எழுத்து அங்கே வெறும் மை. பந்தத்தின் பொருள் மெலிந்திருந்தாலும் அதில் எழுத்து எழுத்தாகவே வேலை செய்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே கலையாக எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கலையை இன்று பயில நினைத்தால், கருவிகளும் நமக்குச் சாதகமாக இல்லை. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, மேற்குறிகளுக்கு நகரா விசை வைத்துத் தமிழ்த் தட்டச்சை வகுத்தார். அது பெரும் சாதனை. ஆயினும் ‘கொ’ என்ற ஓரெழுத்துக்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று இடம் போயிற்று. ஒருங்குறியில் அதே எழுத்து இரண்டு குறியீடு. மாலைமாற்றைச் சரிபார்க்கக் கணினியிடம் கொடுத்து, அது குறியீடுகளை அப்படியே திருப்பினால் கொம்பும் காலும் ககரத்தை விட்டுக் கழன்று முன்னால் வந்து நிற்கும். புலவர் எண்ணிய அலகு எழுத்து. பொறி எண்ணுவது அதன் துண்டுகளை. எழுத்தை எழுத்தாக எண்ணும் மென்பொருளைப் பள்ளிக்கூடங்களுக்குச் செய்து கொடுத்தால், பதினைந்து வயதுப் பிள்ளைகளே கோமூத்திரி கட்டிப் பார்ப்பார்கள். கடவுளை விளித்துக் கட்டம் நிரப்பாமல், தங்கள் ஊரையும் கடலையும் பற்றிக் கட்டச் சொல்ல வேண்டும்.