உறுதியும் படிமமும்

ஈழத்தில் வீடு திரும்புவதைப் பற்றிய கவிதைகளைச் சில வருஷங்களாக வாசித்து வருகிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு கிணறு, ஒரு முற்றம், ஒரு படலை. 1985ல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பில் இழப்பைச் சொல்லப் புதுச் சொல் பிறந்தது. அது இன்று வாய்ப்பாடாகிவிட்டதோ என்பது என் சந்தேகம். கவிதையை அலசிப் பார் என்று 'எழுத்து'வில் வற்புறுத்திய செல்லப்பாவின் வத்தலக்குண்டில் இருந்துகொண்டு, அலசாமல் உருகத் தயக்கமாக இருக்கிறது.

நாம் பத்திரம் என்பதை யாழ்ப்பாணத்தில் உறுதி என்பார்கள். ஒன்றில் பாதுகாப்பு, மற்றதில் நிச்சயம். இரண்டுமே பொய்த்த இடம் அது. 1990ல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். காணிகள் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2013ல் 6,381 ஏக்கரை அரசே எடுத்துக்கொள்வதாக அறிவித்தல் வந்தது. தனியார் காணியிலோ வேறு சிக்கல். பத்து வருஷம் எதிர்ப்பின்றி அனுபவித்தவன் உரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். போரால் வழக்காட முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கிச் சட்டம் செய்தது 2016ல்தான்.

இதையெல்லாம் கவிதை சொல்ல வேண்டுமென்பதில்லை. என் குறை வேறு. என் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். செக்குபந்தி என்று வருமிடத்தில் வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் மனை என்றிருக்கிறது. அண்டை வீட்டானின் பெயரைச் சொல்லித்தான் என்னுடையதை என்னுடையது என்று காட்ட முடிகிறது.

அதே 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நான் படித்த கவிதைகளில் தன் கிணற்றுக்கு ஏங்குகிறவன், வேலிக்கு அப்பால் பூட்டிக் கிடந்த அந்த வீட்டைப் பார்ப்பதில்லை. பார்த்தால் துக்கத்தின் சுருதி கெட்டுவிடும் என்று பயப்படுகிறானோ? அந்தச் சுருதிதான் பொய் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் ஜில்லாவில், திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில், 2022ல் ஈழத்து அகதிகளுக்கு 321 வீடுகள் திறந்தார்கள். முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கிணறு ஞாபகத்தில் இல்லை; தாயின் பேச்சில் மட்டும் இருக்கிறது. அவன் எழுதினால் படலை வராது. அண்டை வீட்டான் பெயரை அம்மாவிடம் கேட்டு எழுதுவானா என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.