'செட்' மாத்திரை வயிற்றைக் காக்குமா?

ஊரப்பாக்கத்தில் மாலை மின்ரயிலை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நடக்கும் வாசகர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கலாம். மருந்துக் கடைக்கு ஒரு பெரியவர் வருகிறார். "முட்டி வலி தாங்கலைப்பா, ஒரு செட் குடு" என்கிறார். "சாப்பிட்டுட்டுப் போடுங்க ஐயா. கேஸ் மாத்திரையும் வெச்சிருக்கேன், வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் உதிரி மாத்திரைகளைத் தாள் உறையிலிட்டுத் தருகிறார்.

அக்கறையோடு சொல்லப்படும் இவ்வுறுதி அறிவியலுக்குப் பொருந்துமா? உரசிப் பார்ப்போம்.

முதலில், 'சாப்பிட்டபின் போட்டால் தீங்கில்லை' என்பது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடலில் புராஸ்டாகிளாண்டின்கள் உண்டாவதைத் தடுக்கின்றன என 1971-ல் ஜான் வேன் காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் அவ்வாறே செயல்படுகின்றன. வலியையும் வீக்கத்தையும் மிகுவிப்பவை இப்பொருள்கள்தாம். இரைப்பைச் சுவரைச் சளிப் படலத்தால் மூடி அமிலத்திலிருந்து காப்பவையும் இவையே. வலியைப் போக்கும் மருந்து, வயிற்றின் காவலையும் விலக்கிவிடுகிறது. இவ்வேலை இரத்தத்தின் வழியே நடப்பதால், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து உண்டு. உணவு எரிச்சலைக் குறைக்கலாம்; புண்ணைத் தடுக்கும் என நம்பியிருக்க முடியாது.

அடுத்தது, 'கேஸ் மாத்திரை'. ரானிடிடின் வழக்கமான அளவில் முன்சிறுகுடல் புண்ணைத் தடுக்கும். இரைப்பைப் புண்ணைத் தடுப்பதில்லை. ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் போன்றவை நன்கு காக்கும். ஆனால் வலி மாத்திரை எடுக்கும் நாளெல்லாம், உணவுக்கு அரை மணி முன்பாக அவற்றை உட்கொள்ள வேண்டும். ஒரு வேளை உறையில் ஒன்றைச் சேர்ப்பதால் அப்பயன் கிட்டாது. சிறுநீரகத்தையோ அது காப்பதே இல்லை.

அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால், ரபிப்ரசோல் மூன்றையும் ஒரே மாத்திரையாக்கியும் விற்றார்கள். மத்திய அரசு 2016 மார்ச்சில் தடைசெய்த 344 கூட்டு மருந்துகளின் பட்டியலில் அதுவும் இருந்தது. வழக்குகளுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடையாயின. அதிலும் அது இடம்பெற்றது. உணவுக்கு முன் வேண்டியதையும் பின் வேண்டியதையும் ஒன்றாகக் கட்டியது பொருந்தாச் சேர்க்கையே. அச்சிட்ட அட்டையில் தடைசெய்ததைத் தாள் உறையில் கைகூட்டிக் கொடுப்பதுதானே 'செட்'? அட்டைக்காவது பெயரும் அளவும் உண்டு. உறைக்கு அதுவும் இல்லை. டைக்ளோஃபினாக் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதது என்பதையும் மறக்கலாகாது.

குறை முழுவதையும் கடைக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது. அரை நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க இயலாதவருக்குக் கடை அருகில் இருக்கிறது. ஆயினும் பெரியவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. வயது 65-ஐத் தாண்டியதா? முன்பு குடற்புண் இருந்ததா? இதயத்துக்கு ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாதிருக்க மருந்தோ, ஸ்டீராய்டோ எடுக்கிறாரா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் ஆபத்து கூடுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி வயிற்றில் இருந்தாலும் அப்படியே.

வாசகர்களே, நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. முதலில் பாராசிட்டமால் போதுமா, மூட்டுக்கு மேற்பூச்சு போதுமா என மருத்துவரைக் கேளுங்கள். வலி மாத்திரை வேண்டுமானால் ஒன்று மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. இதயத்துக்கான ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். வலி மருந்து புண்ணின் வலியையும் மறைப்பதால், பலருக்கு முதல் அறிகுறியே இரத்தப்போக்குதான். வயிறு வலிக்கவில்லை என்பதால் வயிறு நலமாயிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.