பன்னிரண்டு வயதின் தேர்வும் ஆறு வயதின் சேர்க்கையும்

சிங்கப்பூரில் ஜனவரியில் பள்ளி திறந்து, பிள்ளை தொடக்கநிலை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால் வீட்டின் நடைமுறையே மாறிவிடும். ஆகஸ்ட்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு, நவம்பர் கடைசியில் முடிவு என்று தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் நாட்காட்டியே குடும்பத்தின் நாட்காட்டியாகிவிடுகிறது. துணைப்பாட வகுப்புகள் கூடும், உறவினர் வீட்டு விசேஷங்கள் குறையும். இந்த நெருக்கடி கிறிஸ்தவ மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவ்வளவாக இல்லை, அதற்கு இணைப்புச் சலுகைதான் காரணம், ஆகவே அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்ற வாதத்தை இப்போது அடிக்கடி கேட்கிறேன். பிள்ளையின் மனநலத்தில் அக்கறை உள்ளவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். அவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வாதம் தவறானது.

சலுகை என்னவென்று வாசகர்களுக்குத் தெரியும். மிஷன் தொடக்கப்பள்ளி ஒன்று அதே சபையின் உயர்நிலைப் பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தால், அந்தத் தொடக்கப்பள்ளி மாணவர் அந்த உயர்நிலைப் பள்ளியை முதல் விருப்பமாக எழுதி, பள்ளி வகுத்த நிபந்தனையையும் எட்டிவிட்டால், மற்றவர்களுக்கு முன்பாகக் கணக்கில் கொள்ளப்படுவார். சென்ற ஆண்டின் மதிப்பெண் எல்லைகளைக் கல்வி அமைச்சு வெளியிடும்போது இணைப்புள்ளவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று என்று ஒரே பள்ளிக்கு இரண்டு எல்லைகள் இருப்பதை எவரும் பார்க்கலாம்.

இதில் நன்மை உண்டு. நண்பர்கள் பிரியாமல் ஒன்றாக மேலே போகிறார்கள். ஆறு ஆண்டு பழகிய பாடல்கள், விளையாட்டு அணிகள், ஆசிரியர்களின் அணுகுமுறை எல்லாம் தொடர்கின்றன. கட்டட நிதிக்குச் சபையும் முன்னாள் மாணவரும் ஆண்டாண்டாகப் பணம் திரட்டித் தருகிறார்கள். அந்த ஈடுபாடு இல்லாவிட்டால் பல பள்ளிகள் இன்றைய நிலையில் இருந்திருக்காது. மிஷன் பள்ளிகள் மற்றச் சமயப் பிள்ளைகளை மதமாற்ற நோக்கோடு நடத்துகின்றன என்ற பழைய குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் இவற்றில் நிம்மதியாகப் படித்து வெளிவந்திருக்கிறார்கள். ஒழுக்கமும் சேவையும் அங்கே சொல்லிக்கொடுக்கப்படுகின்றன என்பதும் வெறும் விளம்பரம் அல்ல.

என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வயதில் கிடைக்கும் இந்தச் சலுகை, ஆறு வயதில் நடந்த ஒரு சேர்க்கையைச் சார்ந்திருக்கிறது. அந்தச் சேர்க்கையோ பிள்ளை செய்த எதையும் சார்ந்ததன்று.

தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு எப்படி நடக்கிறது? அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முதல் கட்டத்திலேயே இடம். பெற்றோர் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் என்றால் 2ஏ கட்டம். பெற்றோர் பள்ளியில் 40 மணி நேரம் தொண்டூழியம் செய்திருந்தால், அல்லது பள்ளியோடு தொடர்புள்ள திருச்சபையின் பரிந்துரை இருந்தால் 2பி. இவை எதுவும் இல்லாதவர்களுக்கு 2சி. கேட்பவர்கள் இடங்களைவிட அதிகமானால் குடியுரிமை பார்ப்பார்கள், பிறகு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பார்ப்பார்கள்: ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் முன்னால், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருப்பவர் அடுத்து. அதிலும் மிஞ்சினால் குலுக்கல். இந்த வரிசையில் பிள்ளையின் திறமைக்கோ உழைப்புக்கோ இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆறு வயதுப் பிள்ளையைச் சோதித்துச் சேர்ப்பது கொடுமை. ஆனால் பெற்றோரின் பழைய பள்ளி, பெற்றோருக்கு இருந்த ஓய்வு நேரம், பெற்றோர் வாங்க முடிந்த வீட்டின் முகவரி ஆகியவை ஒன்றாம் வகுப்பு இடத்தைத் தீர்மானித்தன என்றால், அதே விஷயங்கள் ஆறு ஆண்டு கழித்து உயர்நிலைப் பள்ளி இடத்தையும் ஏன் தீர்மானிக்க வேண்டும்? நாற்பது மணி நேரம் தொண்டூழியம் செய்ய எந்தத் தாயால் முடியும்? மாறிமாறி வரும் ஷிப்ட் வேலையில் இருக்கும் தாதியாலா, உணவங்காடியில் காலையிலிருந்து இரவுவரை நிற்பவராலா?

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரே வீவக புளோக்கில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி மிஷன் தொடக்கப்பள்ளியில், மற்றவள் எதிரில் உள்ள அரசாங்கத் தொடக்கப்பள்ளியில். 2021இல் வந்த ஏஎல் முறையில் நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 4 என்பது மிகச் சிறந்தது, 32 கடைசி. முதல் பெண் 16 வாங்குகிறாள், இரண்டாமவள் 13. இருவரும் அதே மிஷன் உயர்நிலைப் பள்ளியை முதலாவதாக எழுதுகிறார்கள். 16 வாங்கியவளின் பெயர் முன்னால் போகிறது. 13 வாங்கியவள் இணைப்பில்லாதவர்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கும், இணைப்புள்ளவர்கள் எடுத்தது போக மிஞ்சியவற்றுக்கும் போட்டியிடுகிறாள். அவளுக்கு இடம் இல்லை என்று வந்தால் பெற்றோர் என்ன சொல்லித் தேற்றுவார்கள்? நீ குறைவாகப் படித்தாய் என்று சொல்ல முடியாது. உனக்கு ஆறு வயதானபோது நாங்கள் வேறு இடத்தில் குடியிருந்தோம் என்றுதான் சொல்ல முடியும்.

நெருக்கடி குறைகிறது என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது பிள்ளையை எண்ணிப் பார்ப்பதில்லை. உயர்நிலைப் பள்ளியின் இடங்கள் எண்ணி வைத்தவை. முதல் பெண்ணின் வீட்டில் இறங்கும் சுமை காணாமல் போவதில்லை, இரண்டாமவள் வீட்டில் ஏறுகிறது. எல்லோருக்கும் நெருக்கடியைக் குறைக்கும் வழிகள் வேறு. சக மாணவரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்ட பழைய முறையைக் கைவிட்டது அப்படிப்பட்டது. 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வுகளை நிறுத்தியதும் அப்படிப்பட்டது. அவற்றின் பயன் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது. இணைப்புச் சலுகையை அந்த வரிசையில் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

இன்னொரு வாதம், பள்ளியின் சமய மரபைக் காப்பாற்ற இணைப்பு வேண்டும் என்பது. இதற்குத்தான் எனக்குக் கோபமே வருகிறது. சலுகை சமயத்தைப் பார்த்தா கொடுக்கப்படுகிறது? அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் மெதடிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகலாம், பாடகர் குழுவில் பாடலாம். பிஎஸ்எல்இ முடிந்து மெதடிஸ்ட் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது. பள்ளிக்கு அருகில் வீடு இருந்ததால் மிஷன் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த, சமயத்தில் நாட்டமே இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு உண்டு. மரபு என்ற பெயரில் காக்கப்படுவது விசுவாசமும் இல்லை, சேவையும் இல்லை. ஒருமுறை உள்ளே வந்தவர்களின் இடம் காக்கப்படுகிறது.

இந்தப் பள்ளிகளின் தொடக்கத்தை நினைத்துப் பார்த்தால் வருத்தம் இன்னும் கூடும். செயின்ட் மார்கரெட்ஸ் 1842இல் தொடங்கியது, அடிமையாக விற்கப்படவிருந்த சீனச் சிறுமிகளுக்காக. ஆங்கிலோ சைனீஸ் பள்ளியை 1886இல் வில்லியம் ஓல்டாம் தொடங்கியது அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில். தமிழர்களுக்கு நெருக்கமான கதை அடுத்த ஆண்டில் இருக்கிறது. இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று அறியப்படுவது 1887இல் ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ்ப் பெண்கள் பள்ளி என்ற பெயரில்தான் பிறந்தது. தங்கள் மகள்களுக்குப் படிப்பு வேண்டும் என்று தமிழ் வணிகர்கள் கேட்க, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் அதை நடத்தினார். பெண்ணை வெளியே அனுப்பத் தயங்கிய பெரனாக்கன் குடும்பங்களிடம் அவர் வீடு வீடாகப் போய்ப் பேசியதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. யாருக்குப் படிப்பு எட்டவில்லையோ அவர்கள் வீட்டு வாசலுக்குப் போவதுதான் மிஷன் பள்ளியின் முதல் மரபு. இணைப்புச் சலுகை அந்த மரபுக்கு நேர் எதிரான திசையில் ஓடுகிறது. இதைச் சொன்னால் பள்ளிகளின் மேல் பொறாமை என்கிறார்கள். அவற்றின் வரலாற்றின் மேல் மதிப்பு இருப்பதால்தான் சொல்கிறேன்.

தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. கத்தோலிக் ஹை, செயின்ட் நிக்கலஸ், மாரிஸ் ஸ்டெல்லா போன்ற மிஷன் பள்ளிகள் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அங்கே தாய்மொழிப் பாடம் சீனம் மட்டுமே. ஆகவே தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுக்கும் பிள்ளைக்கு அந்தத் தொடக்கப்பள்ளியும் இல்லை, அதன் வழியாக வரும் இணைப்பும் இல்லை. மற்ற மிஷன் பள்ளிகளிலும் தமிழ் மாணவர் குறைவாக இருந்தால் பிள்ளை பள்ளி முடிந்து வேறொரு நிலையத்துக்குப் போய்த் தமிழ் படிக்க வேண்டியிருக்கிறது. சலுகையின் பயன் எல்லா இனத்துக்கும் ஒரே அளவில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் இந்த ஆபத்தை அறியாமல் இல்லை. 2013 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், நல்ல பெயர் பெற்ற பள்ளிகள் தங்களுக்குள்ளேயே மூடிக்கொண்டுவிடக் கூடாது என்று கவலைப்பட்டார். 2014 பதிவிலிருந்து ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் 40 இடங்கள் 2பி, 2சி கட்டங்களுக்குப் பாதிப் பாதியாக ஒதுக்கப்பட்டன. 2022இல் 2சிக்கான 20 இடங்கள் 40 ஆயின. உயர்நிலையில், 2019 சேர்க்கையிலிருந்து இணைப்புள்ள ஒவ்வொரு பள்ளியும் 20 விழுக்காட்டு இடங்களை இணைப்பில்லாதவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆங்கிலோ சைனீஸ் தொடக்கப்பள்ளி 2030இல் பார்க்கர் ரோட்டிலிருந்து தெங்காவின் புதிய வீவக நகருக்குப் போய் இருபாலர் பள்ளியாகப் போகிறது. பழைய மாணவர் சிலர் இதற்கு வருந்தினார்கள். நான் மகிழ்ந்தேன். ஓல்டாமின் பள்ளி மறுபடியும் சாதாரணக் குடும்பங்கள் நடந்துவரும் தூரத்துக்கு வருகிறது.

ஆனால் 20 விழுக்காடு போதும் என்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். மிச்சம் 80 விழுக்காட்டிலும் இணைப்புள்ளவர்கள் முன்னால் நிற்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கை வெளியாருக்குக் கொடுத்துவிட்டோம் என்ற பேச்சிலேயே ஒரு பிழை இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது, பாடத்திட்டம் நாட்டுக்குப் பொது, தேர்வும் பொது. இப்படி நடக்கும் பள்ளியில் எந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளை வெளியார்?

மிஷன் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தச் சலுகை முழு நன்மை செய்வதாகத் தோன்றவில்லை. முதல் விருப்பமாக எழுதினால்தான் செல்லும் என்பதால், ஆறு பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற சுதந்திரம் பெயரளவில் நின்றுவிடுகிறது. இசை, அறிவியல், விளையாட்டு என்று தன் விருப்பத்துக்கு ஏற்ற பள்ளி வேறெங்கோ இருக்கலாம். அதைத் தேடிப் பார்க்க வேண்டிய ஆண்டில், கையில் இருப்பதை விடாதே என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். நிபந்தனையை எட்டாமல் போகும் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். எல்லோரும் போகும் பள்ளிக்குத் தான் மட்டும் போக முடியவில்லை என்ற அவமானத்தை அந்தப் பிள்ளை தனியாகச் சுமக்கிறது.

இணைப்பை அடியோடு அழிக்கச் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே மதிப்பெண்ணில் கடைசி இடத்துக்கு நின்றால், இன்று குடியுரிமையும் விருப்ப வரிசையும் பார்த்துப் பிறகு குலுக்கலுக்குப் போகிறார்கள். குலுக்கலுக்கு முன்னால் இணைப்பை வைத்துப் பார்க்கட்டும். நண்பர்களோடு சேர்ந்து போவது, பழகிய சூழல் என்ற நன்மைகளுக்கு அந்த அளவு எடை போதும். இதற்கு அமைச்சின் ஆணைக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இணைப்புள்ள மாணவருக்கான நிபந்தனையை வகுக்கும் உரிமை இப்போதே உயர்நிலைப் பள்ளிகளிடம் இருக்கிறது. அந்த நிபந்தனையை இணைப்பில்லாதவர்கள் எட்டிய எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த ஒரு பள்ளியின் நிர்வாகக் குழு நினைத்தால் அடுத்த சேர்க்கையிலேயே தொடங்கலாம். ஷார்ட் ஸ்திரீட்டில் பிறந்த பள்ளி அதை முதலில் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.