சாட்சியம் எங்கே?

தஞ்சாவூரில் எம்.ஏ. தமிழ் படிக்கும் தம்பி ஒருவர் ‘குருதிப்புனல்’ பற்றி எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்தார். ‘இந்நாவல் வெண்மணியைத் திரிக்கிறது’ என்பது முதல் வரி. பிறகு நான்கு விமர்சகர்களின் பெயர்கள். நாவலிலிருந்து ஒரு பக்க எண்கூட இல்லை. “எல்லாரும் சொன்னதுதானே சார்” என்றார். அவர் முடிவு எனக்கும் உடன்பாடுதான். அதனாலேயே விட மனசில்லை.

1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னால் இருந்தவை கூலி நெல்லும் செங்கொடிச் சங்கமும். இந்திரா பார்த்தசாரதியோ பண்ணையாரின் ஆண்மைக் குறைவை வன்முறையின் ஊற்றாக வைக்கிறார். இதைப் பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும். டெல்லியிலிருந்து வரும் கோபால் கடைசியில் எந்தப் பக்கம் போய் நிற்கிறான் என்ற, நம் வாதத்துக்கு இடிக்கிற பகுதியையும் மறைக்கக் கூடாது.

இது மதிப்பெண் விவகாரமில்லை. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம், நிலமும் காரும் உள்ள மிராசுதார்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டு, தண்டனை பெற்றிருந்தவர்களை விடுவித்தது. எரிந்த குடிசைகளிலிருந்து வந்த சாட்சியத்தைவிட ‘பெரிய மனுஷன் செய்ய மாட்டான்’ என்ற முன்முடிவுக்கு எடை கூடிப்போச்சு. முன்முடிவையே ஆதாரமாக்கும் அந்த வேலையை நம் தரப்பிலிருந்து நாமும் செய்வதா?

“நாவலை இன்னொரு தரம் படிச்சிட்டு வாங்க தம்பி” என்றேன்.