ஹலால் இலச்சினை யாருக்கு?

2013 மார்ச் 11இல் ஹலால் இலச்சினை பற்றிய முடிவு வெளியானது இலங்கை வர்த்தக சம்மேளனத்தில். ஏற்றுமதிப் பொருளுக்கு இலச்சினை இருக்கும். உள்ளூர்ச் சந்தையில் வேண்டாம். பொது பல சேனாவின் மிரட்டல் நடந்த நாட்கள் அவை. உலமா சபையைக் குறை சொல்லுறது லேசு. ஆனால் "சமாதானம்" என்று புகழ்ந்தோர் கம்பனிகளின் கணக்கைப் பார்க்கவில்லை. அரபுநாட்டு இறக்குமதியாளருக்கு உறுதி வேணும், இங்கே தின்னுறவருக்கு வேண்டாமா? கொழும்பில் தெரிந்த முஸ்லிம் கடை பக்கத்திலேயே உண்டு. 1990இல் துரத்தப்பட்டுத் திரும்பிய யாழ்ப்பாணத்தாருக்குப் பெட்டியிலிருந்த அந்த இலச்சினைதான் தெரிந்த முகம். சோனகத் தெருவில் ஓர் உம்மா இனிப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்: "மகன், இதில ஜெலட்டின் இருக்கா?" இருக்கிறது. எந்த மிருகத்தினது என்றுதான் எழுதவில்லை.