கணினியும் சட்டமும்

மலேசிய அரசின் மின்கொள்முதல் முறையை ஆராய்வோர், கருவி முந்தியதையும் சட்டம் பிந்தியதையும் முதலில் காண்பர். 1997ஆம் ஆண்டின் மின்கையொப்பச் சட்டம் கணினிவழிக் கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பளித்தது. ‘இ-பெரோலேஹான்’ விலைப்புள்ளிகளைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்றியது. ஆயினும், தேர்வுமுறையை நெறிப்படுத்தியவை பெரும்பாலும் கருவூலச் சுற்றறிக்கைகளே. சுற்றறிக்கை அலுவலரைக் கட்டுப்படுத்தும். வாய்ப்பிழந்த குத்தகையாளருக்கு முறையிடும் உரிமையை எளிதில் தராது.

அக்குறை நீக்கும் நோக்குடன், 2025 ஆகஸ்டில் அரசுக் கொள்முதல் மசோதா மக்களவையில் நிறைவேறியது. மேல்முறையீட்டு நடுவத்திற்கு அது வழிவகுத்தது பாராட்டத்தக்கது. எனினும், நிதியமைச்சரிடம் அதிகாரம் குவிகிறது என்னும் கண்டனம் புறந்தள்ளத்தக்கதன்று. விலைப்புள்ளி வந்த நேரத்தைக் கணினி தானே பதியும்; விதிவிலக்கு அளித்ததன் காரணத்தை, ஒருவர் எழுதினாலன்றி அது அறியாது. அக்காரணத்தை எழுதவைப்பதே சட்டத்தின் கடன்.