களிம்புக்குள் இருக்கும் காசு

இங்கிலாந்தில் உழுது போட்ட வயல்களில் மெட்டல் டிடெக்டருடன் நடப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடமாக இல்லாமல், நிலத்துக்காரர் அனுமதியும் கொடுத்திருந்தால் சட்டம் தடுப்பதில்லை. அவர்கள் கைக்கு அதிகம் வருவது தங்கப் புதையல் அல்ல, ரோமானியர் காலத்துச் செப்புக் காசுகள். பல காசுகள் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இரா. பச்சைக் களிம்பு ஏறி, எது தலைப்பக்கம் என்றே தெரியாது. அதைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்காதவர்கள் அபூர்வம். சேதமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஈர மண்ணில் நுண்மணல் இருக்கிறது. விரல் அழுத்த அழுத்த அது காசின் முகத்தைக் கீறுகிறது.

மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த செம்பில் நடப்பதைப் புரிந்துகொண்டால் பிரச்சினை விளங்கும். உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான குப்ரைட் படிகிறது. அதன்மேல் பச்சையாக மாலகைட். காசு அச்சடிக்கப்பட்ட அன்று அதன் முகம் எந்த மட்டத்தில் இருந்ததோ, அந்த மட்டம் பெரும்பாலும் இந்த அடுக்குகளுக்குள்தான் தங்கியிருக்கிறது. பேரரசரின் தாடியும் மூக்கும், சுற்றியுள்ள எழுத்தும் உலோகத்தில் இல்லை, களிம்பில் இருக்கின்றன. களிம்பு முழுவதையும் எடுத்துவிட்டால் அடியில் மிஞ்சுவது குழி விழுந்த மொட்டைச் செம்புதான்.

வினிகரும் எலுமிச்சைச் சாறும் செய்வது இதைத்தான். மேல் களிம்பு, உள் களிம்பு என்ற வேறுபாடு அமிலத்துக்குத் தெரியாது. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானியக் காசில் வெள்ளியின் அளவு மிகவும் குறைந்து, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டும் கொடுத்தார்கள். அமிலத்தில் போட்டால் அந்தப் பூச்சும் போய்விடும். மின்னாற்பகுப்பு இன்னும் வேகமானது. பழைய போன் சார்ஜர், ஸ்டீல் கரண்டி, சோடா உப்பு கலந்த தண்ணீர் இருந்தால் போதும், சில மணி நேரத்தில் காசு சிவந்து வெளியே வரும். பொறுமை உள்ளவர்களின் வழி என்று பெயர் வாங்கிய ஆலிவ் எண்ணெயும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. மாதக்கணக்கில் ஊறும்போது எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் செம்பையும் மெல்லத் தின்கிறது.

அப்படியானால் தொடவே கூடாது என்று சொல்லிவிடலாமா? அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை நான் முழுக்க ஏற்கவில்லை. 1997இல் தொடங்கிய பிரிட்டனின் கையடக்கத் தொல்பொருள் திட்டத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த பொருள்கள் பத்து லட்சத்துக்கும் மேல் பதிவாகியுள்ளன. அவற்றில் காசுகள் ஏராளம். எந்தப் பேரரசர், எந்த அக்கசாலை என்று தெரிந்தால்தான் ஒரு காசு வரலாற்றுச் சான்றாகும். தெரியாவிட்டால் அது வெறும் செப்பு வட்டம். இத்தனை காசுகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சுத்தம் செய்ய எந்த அருங்காட்சியகத்திலும் ஆள் இல்லை. தண்ணீரில் நனைத்து, மரக்குச்சியால் எழுத்துகளுக்கு இடையே உள்ள மண்ணை மட்டும் கிளறி எடுக்கும் ஒரு பொறுமைசாலி அந்த வேலையில் உண்மையாகவே பங்கெடுக்கிறார். அந்தப் பாராட்டை அவருக்கு மறுக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. குளோரைடு உப்பு உள்ளே தங்கிய செப்புக் காசில், காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். இதை வெண்கல நோய் என்கிறார்கள். நடக்கும் வினையில் அமிலம் உருவாகி, உலோகத்தை மேலும் அரித்துக்கொண்டே போகும். இந்தக் காசை ‘தொடாதே’ என்று டப்பாவில் போட்டு மூடுவது அதை அழியவிடுவதற்குச் சமம்.

ஆனால் காசு ஒன்று அல்ல, குவியலாகக் கிடைத்தால் கதை வேறு. 2010இல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே மெட்டல் டிடெக்டருடன் தேடிய டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு பானையின் வாயைக் கண்டார். தோண்டுவதை அத்துடன் நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களுக்குத் தகவல் சொன்னார். உள்ளே 52,503 காசுகள். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததால் ஒரு விஷயம் தெரியவந்தது: காலத்தால் பிந்திய பேரரசர் கராசியஸின் காசுகள் மேலே இல்லை, ஆழத்தில்தான் மிகுதியாகக் கிடந்தன. உண்டியல்போல வருடக்கணக்கில் சேர்ந்த பணம் அல்ல அது, ஒரே தடவையில் கொட்டியது என்ற முடிவுக்கு அதனால்தான் வர முடிந்தது. கிரிஸ்ப் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போய் வாளியில் ஊறவைத்திருந்தால் காசுகள் எல்லாம் இருந்திருக்கும், இந்தச் செய்தி மட்டும் இருந்திருக்காது.

எனவே என் குறை சுத்தம் செய்வதைப் பற்றியது அல்ல. அது எப்போது நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்பதைப் பற்றியது. கிடைத்த இடம், ஆழம், அருகில் கிடந்தவை ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுத்த பிறகு, வாசிப்பதற்காகச் செய்யும் சுத்தம் நல்லது. பளபளப்புக்காகச் செய்வது கேடு. சேகரிப்பாளர்கள்கூடத் தேய்த்து மெருகேற்றிய காசுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்கிறார்கள். இதைவிட மோசமானது, மண் ஒட்டிய ரோமானியக் காசுகளை மொத்தமாக விற்கும் வியாபாரம். பால்கன் நாடுகளின் தொல்லிடங்களிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டியவையும் அதில் கலக்கின்றன. எங்கே கிடைத்தது என்ற தகவல் போய்விட்ட பிறகு, வாங்கியவர் எவ்வளவு நேர்த்தியாகச் சுத்தம் செய்தாலும் பாதி இழப்பை மீட்க முடியாது.

நமக்கும் இது அந்நியச் சங்கதி அல்ல. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானியக் காசுகளும் சங்ககாலச் சேரர் காசுகளும் கிடைத்திருக்கின்றன. தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்று பொறித்த வெள்ளிக் காசும், ‘பெருவழுதி’ என்று பொறித்த பாண்டியர் செப்புக் காசும் மெல்லிய சில கோடுகளை நம்பித்தான் வரலாற்றுக்குள் வந்தன. செம்பைக் கண்டால் புளி தேடும் கை நமது கை; குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குக் கூடாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வயலிலோ ஆற்றிலோ பழங்காசு அகப்பட்டால் தேய்க்காதீர்கள், புளியோ எலுமிச்சையோ போடாதீர்கள். கிடந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்து, காகிதத்தில் மடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.